மறுமுனையில் யார் இருக்காங்க? நோயாளியின் வீட்டுக்குள் வந்த டெக்னாலஜியும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவரும்

ராத்திரி பத்தே முக்கால். அப்பாவுக்குக் காலையில் எடுத்த பெட் ஸ்கேன் ரிப்போர்ட், ஸ்கேன் சென்டரிலிருந்து வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப்-ஆக வந்து விழுகிறது. டாக்டரைப் பார்க்க நாளை மறுநாள்தான் டோக்கன். அதுவரை பொறுக்க முடியுமா? திறந்து பார்க்கிறீர்கள். நாலு பக்கமும் ஆங்கிலம். ‘மெட்டாஸ்டேட்டிக்’ என்ற ஒரு சொல் மட்டும் கண்ணில் குத்துகிறது. அதை காப்பி பண்ணி கூகுளில் போடுகிறீர்கள். பக்கத்து அறையில் அப்பா தூங்குகிறார், அல்லது தூங்குவதுபோலப் படுத்திருக்கிறார். இனி விடியும்வரை அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் என்ன செய்தோம்? சென்டருக்கே போய் அந்தப் பெரிய கவரை வாங்கி, டாக்டரின் மேஜையில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றினால் வயிறு கலங்கும். ஆனால், கெட்ட செய்தி ஒரு மனிதரின் வாய் வழியாக வந்தது. ‘அடுத்து என்ன பண்ணலாம்னு பார்ப்போம்’ என்ற ஒரு வரியாவது கூடவே வந்தது. இப்போது செய்தி சீக்கிரம் வந்துவிடுகிறது. கூட வரவேண்டிய ஆள்தான் வருவதில்லை.

தீவிர நோய் வந்த வீட்டுக்கு டெக்னாலஜி எப்படி உதவும் என்று யாரைக் கேட்டாலும் ஏ.ஐ., ரோபோ, ஸ்மார்ட் வாட்ச் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். நல்லது, வரட்டும். ஆனால், எந்த ஆப்பையும் கருவியையும் வாங்குவதற்கு முன் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: ‘நான் இதுல ஒரு விஷயத்தைச் சொன்னா, அந்தப் பக்கம் கேட்கறதுக்கு யார் இருக்காங்க?’

வாரம் ஒரு முறை, 12 தொந்தரவுகள்

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில், நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் டாக்டர் ஈதன் பாஷும் அவர் குழுவினரும் செய்தது. புற்றுநோய் பரவிய நிலையில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல், பசியின்மை என 12 பொதுவான தொந்தரவுகள் தங்களுக்கு எந்த அளவில் இருக்கின்றன என்பதைக் கம்ப்யூட்டரில் குறித்து அனுப்பவேண்டும். அவ்வளவுதான். புது மருந்து எதுவும் கிடையாது.

2017-ல் வெளியான முடிவைப் பார்த்து மருத்துவ உலகம் கொஞ்சம் அசந்துதான் போனது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 26 மாதங்கள். தொந்தரவுகளைக் குறித்து அனுப்பியவர்களுக்கு 31.2 மாதங்கள். ஐந்து மாதம் கூடுதல்! புற்றுநோய்க்கு லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கிற சில மருந்துகளே இந்த அளவுக்குக் கொடுப்பதில்லை.

எப்படி நடந்தது இது? கம்ப்யூட்டர் திரை யாரையும் குணப்படுத்தவில்லை. ஒருவருக்குத் தொந்தரவு மோசமானால் உடனே ஒரு நர்ஸுக்குத் தகவல் போனது. அப்படி வந்த தகவல்களில் 77 சதவிகிதத்துக்கு நர்ஸுகள் ஏதோ ஒன்றைச் செய்திருக்கிறார்கள். போன் போட்டு ஆலோசனை சொன்னது, மருந்து மாற்றியது, கீமோவின் அளவைக் குறைக்க ஏற்பாடு செய்தது என்று. இன்னொரு சுவாரஸ்யம், கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத நோயாளிகளுக்குத்தான் இதில் பலன் அதிகம் கிடைத்தது. அவர்கள் வீட்டிலிருந்து அனுப்பவில்லை. மருத்துவமனைக்கு வரும்போது அங்கேயே குறித்துக் கொடுத்தார்கள். அதனால், ‘எங்கம்மாவுக்கு போனே பிடிக்கத் தெரியாது, அவங்களுக்கு எங்க இதெல்லாம்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நம்ம ஊர் நோயாளியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. கேட்டால், ‘அடுத்த வாரம்தான் போறோமே, அதுக்குள்ள எதுக்கு டாக்டரைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு’ என்பார். அடுத்த வாரம் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், ‘எப்படி இருக்கீங்க?’ என்றால், ‘பரவாயில்லை சார்.’ பக்கத்தில் நிற்கிற மனைவிதான் தலையில் அடித்துக்கொள்வார். மறைக்க வேண்டும் என்பதில்லை. பெரிய மனிதரிடம் போய்ப் புலம்புவது நம் பழக்கத்தில் இல்லை.

நியூயார்க் மையத்தில் இருந்த ஏற்பாடு உங்கள் மருத்துவமனையில் இல்லாமல் இருக்கலாம். அதன் சாரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்திலோ போனிலோ நீங்களே உருவாக்கிக்கொள்ள முடியும். தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை, எத்தனை முறை வாந்தி, எவ்வளவு சாப்பிட்டார், மலம் போனாரா என்று நாலு வரி. அதைவிட முக்கியம், கீமோ நாளன்று வார்டு சிஸ்டரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: ‘ராத்திரி காய்ச்சல் வந்தா எந்த நம்பருக்குக் கூப்பிடணும் சிஸ்டர்? யார் எடுப்பாங்க?’ கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்பது ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயம் கிடையாது. அவசர சிகிச்சைக்கு உரியது. அந்த நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் போட்டு வையுங்கள்.

வலிக்கு மட்டும் வீடியோ காலில் மருந்தில்லை

நம் மாநிலத்தின் நிலைமைக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டமாகத்தான் பலருக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும், வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளும் அதே திட்டத்தில் இருக்கின்றன. 2024-ல் இதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களே அதிகம்.

இன்னொன்று, மத்திய அரசின் இ-சஞ்சீவனி. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதியாக இது விரிந்தது. கட்டணமில்லை. சாதாரணத் தொந்தரவுகளுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால், நீண்டகால நோயாளிக்கு இதில் ஒரு குறை உண்டு. நேற்று பேசிய டாக்டரே இன்றைக்கும் வருவார் என்று நிச்சயமில்லை. முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லவேண்டும். அதைச் சொல்கிறவர் யார்? பார்த்துக்கொள்கிறவர்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள்தான், போனில் பார்த்து மருந்து எழுதுவதற்கு இந்தியாவில் தெளிவான அடிப்படை போட்டன. அதில் எந்த மருந்தை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று பட்டியல் இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதவே கூடாது. புற்றுநோயின் கடுமையான வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் அந்தச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. சளிக்கும் அலர்ஜிக்கும் வீடியோ காலில் மருந்து வாங்கலாம். எலும்புக்குள் பரவிய புற்றுநோயால் இரவெல்லாம் முனகுகிறவருக்கு வாங்க முடியாது. நடக்கவே முடியாதவருக்குத்தான் இந்தத் தடை.

தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வலி மாத்திரைகளைத் தாராளமாக எழுதி அமெரிக்கா பட்ட பாட்டை உலகமே பார்த்தது. ஆனால், நம் வரலாறு தலைகீழ். 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, கெடுபிடிக்குப் பயந்து மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபின் வைத்திருப்பதையே நிறுத்தின. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு ஓபியம் விளைவிக்கும் நாடு இது. அப்படிப்பட்ட நாட்டில் நோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை கிடைக்கவில்லை. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருப்பதை எளிதாக்கினார்கள். அதற்காகப் பல வருடங்கள் போராடியவர்களில் முக்கியமானவர் கேரளத்தின் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு நோய்த்தணிப்பு சிகிச்சை தேவைப்படுகிறது. கிடைப்பது சுமார் 14 சதவிகிதம் பேருக்குத்தான்.

ஆக, வீடியோ கால் வசதி இருப்பதாலேயே வலிக்கு வழி கிடைத்துவிடாது. நோயாளி நடமாட்டத்தோடு இருக்கும்போதே, பக்கத்தில் மார்ஃபின் கொடுக்க அங்கீகாரமுள்ள மருத்துவமனை எது என்று விசாரித்து, ஒரு முறை நேரில் போய்ப் பதிந்து வைத்துவிடுங்கள். ‘அதெல்லாம் கடைசி கட்டத்துல பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர்கள் படும் பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். நோய்த்தணிப்பு சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நினைப்பதால் வரும் வினை இது. கீமோ ஒரு பக்கம் நடக்கும்போதே இதுவும் கூட நடக்கலாம்.

‘அவருக்குத் தெரிய வேண்டாம்’

முதலில் சொன்ன அந்த பி.டி.எஃப்-க்குத் திரும்புவோம். நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் அறைக்கு வெளியிலேயே, ‘சார், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்கமாட்டார்’ என்று கேட்டுக்கொள்வோம். ‘அல்சர்’ என்று ஒரு பெயர் வைத்துவிடுவோம். பாசத்தில் செய்வதுதான். ஸ்மார்ட்போன் வந்தபிறகு இந்த நாடகம் ஓடுவதில்லை. மாத்திரை அட்டையின் பெயரை போனில் தட்டினால் போதும், எதற்கான மருந்து என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறது. இப்போது சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. ஆப்களில் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்துப் போட்டால் வரிக்கு வரி விளக்கம் வருகிறது. நிறைய வீடுகளில் நடப்பது இதுதான்: நோயாளிக்குத் தெரியும். தெரியும் என்பது குடும்பத்துக்குத் தெரியாது. பிள்ளைகளுக்காக அவரும் அல்சர் நோயாளியாகவே நடித்துக்கொண்டிருக்கிறார்.

இது எவ்வளவு தனிமை என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, போர்வைக்குள் போனை மறைத்துக்கொண்டு, ‘நான்காம் நிலை என்றால் எத்தனை நாள்?’ என்று ஒரு மனிதர் ஓர் இயந்திரத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்!

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. ‘உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கப்பா?’ என்று அவரிடமே கேட்கலாம். சிலர், ‘எனக்கு எதுவும் வேண்டாம், நீயே பார்த்துக்கோ’ என்பார்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதானே. ரிப்போர்ட் யார் நம்பருக்கு வரவேண்டும் என்பதையும் ஸ்கேன் சென்டரில் பணம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள். முடிந்தால், டாக்டரைப் பார்க்கும் நாளன்று கையில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லுங்கள். ஒருநாள் தாமதத்தால் எதுவும் கெட்டுப்போகாத ரிப்போர்ட்டுகளே பெரும்பாலும்.

ஏ.ஐ. வேண்டவே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு சொல்லுக்கு எளிய தமிழில் அர்த்தம் கேட்க, அடுத்த சந்திப்பில் என்னென்ன கேட்கலாம் என்று பட்டியல் போட, இன்ஷூரன்ஸ் கடிதத்தைப் புரிந்துகொள்ள நன்றாகவே உதவுகிறது. ஆனால், தப்பான பதிலையும் அதே நம்பிக்கையான தொனியில்தான் சொல்லும். மாத்திரையை நிறுத்துவது, அளவை மாற்றுவது, ‘எத்தனை நாள்’ என்பது ஆகிய மூன்றையும் அதனிடம் கேட்காதீர்கள். ரிப்போர்ட்டைப் பதிவேற்றும்போது பெயர், மருத்துவமனைப் பதிவு எண், போன் நம்பர் இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.

கலிஃபோர்னியா மகள்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வருவோம். பார்த்துக்கொள்கிறவரைப் பற்றிப் பேசும்போது இதை விட முடியாது.

அம்மாவோடு ஊரில் இருப்பது மருமகளோ கடைசி மகளோ. குரூப்பில் இருப்பவர்கள் பெங்களூரு, துபாய், டெக்சாஸ். ராத்திரி வீடியோ கால். ‘அம்மா ஏன் இவ்ளோ இளைச்சுட்டாங்க? ஒழுங்கா சாப்பாடு குடுக்குறீங்களா?’ அன்றைக்கு மட்டும் நாலு முறை படுக்கைத் துணி மாற்றிய கை அந்த போனைப் பிடித்துக்கொண்டிருக்கும். இது நம் ஊருக்கு மட்டுமான கூத்து என்று நினைத்துவிடாதீர்கள். ‘கலிஃபோர்னியா மகள் சிண்ட்ரோம்’ என்ற பெயரிலேயே 1991-ல் ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்திருக்கிறது. தூரத்திலிருந்து கடைசி நேரத்தில் வந்து இறங்கி, ‘ஏன் இதைச் செய்யலை, அதைச் செய்யலை’ என்று எல்லோரையும் உலுக்கும் உறவினரைப் பற்றியது அது. வெகுநாள் வராத குற்றவுணர்வுதான் அப்படிக் கோபமாக வெளியே வருகிறது என்கிறார்கள். இப்போது ஃப்ளைட் ஏறவேண்டிய அவசியமும் இல்லை, தினமும் வீடியோ காலில் வந்துவிடலாம்.

அதே வீடியோ கால் உதவியாகவும் மாற முடியும். தூரத்தில் இருப்பவர் செய்யக்கூடிய வேலைகள் எத்தனை! டோக்கன் போடுவது, மருந்து ஆர்டர் பண்ணுவது, இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது, பில்களை ஸ்கேன் செய்து அடுக்குவது, கரன்ட் பில் கட்டுவது. தினமும் மாலை ஆறிலிருந்து ஏழுவரை அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்பது என் வேலை என்று டெக்சாஸ் அண்ணன் பொறுப்பு எடுத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் ஊரில் இருப்பவர் தலைக்குக் குளிக்கலாம், கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். ‘ஏதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லு’ என்பது ஹெல்ப் இல்லை. வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வில், 15 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களில் 41 சதவிகிதம் பேர் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள். ஆண்களில் 21.4 சதவிகிதம். பெண்களுக்கு நாளொன்றுக்கு 140 நிமிடங்கள், ஆண்களுக்கு 74. குழந்தை வளர்ப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். இந்த நிலையில் நாம் ஒரு ஆப்பைக் கொண்டுவந்து, ‘காலை, மதியம், இரவு பிரஷர், சுகர், ஆக்சிஜன் எல்லாம் இதில் ஏற்றும்மா’ என்றால் அது யாருடைய 140 நிமிடத்தோடு போய்ச் சேரும்? அந்த எண்களை யாரும் பார்க்கப்போவதில்லை என்றால், ஏற்றச் சொல்லாதீர்கள்.

பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு மறுமுனை வேண்டும். தூக்கமில்லாமல், அழுகையாக, ‘சீக்கிரம் முடிஞ்சுட்டா தேவலை’ என்று ஒரு நிமிஷம் தோன்றி, அப்படித் தோன்றியதற்காகவே தன்னை வெறுத்துக்கொண்டு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படித் தோன்றியிருந்தால் நீங்கள் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம். கட்டணமில்லை. மருத்துவ ஆலோசனைக்கு நம் மாநிலத்தின் 104 இருக்கிறது.

பெரிய கருவி, சின்ன கருவி

என் பெரியம்மா படுக்கையில் கிடந்த எட்டு மாதத்தில் அந்த வீட்டுக்கு அதிகம் உதவிய கருவி எது தெரியுமா? வயர்லெஸ் காலிங் பெல். வாசலில் மாட்டும் அதே பெல்தான். பட்டனைக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டு, ஒலிக்கும் பெட்டியை அடுக்களையில் வைத்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறளும் பெரியம்மாவுக்கும் நிம்மதி. குக்கர் சத்தத்தில் குரல் கேட்காமல்போகுமோ என்று பதறிக்கொண்டே சமைத்த அக்காவுக்கும் நிம்மதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க போனில் அலாரம். படுக்கைப்புண் வராமல் இருந்ததற்கு இதுவும் காற்றுப் படுக்கையுமே காரணம்.

கேமரா வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லாமல் இருக்கலாம். ஆனால், உடை மாற்றுவதும் டயப்பர் மாற்றுவதும் அந்த அறையில்தான் நடக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். யார் யார் போனில் தெரியும் என்பதையும் சொல்லுங்கள். மாற்றும் நேரத்தில் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் இருந்தால் முதலில் கரன்ட்டைப் பற்றி யோசியுங்கள். ஐந்து லிட்டர் இயந்திரம் சுமார் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஃபேனும் லைட்டும் ஓட்டும் இன்வெர்ட்டர் இதை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு, ஒரு சிலிண்டரையும் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுவத்தி, சாம்பிராணி கூடவே கூடாது. சாமி படம் அந்த அறையில் இருந்தால் படத்தை இடம் மாற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் முழுக்க நம்பிவிட வேண்டாம். கறுப்பினத்தவருக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டி ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது, வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நமக்கும் மாநிறம், கறுப்பு நிறம்தானே. 95 என்று காட்டினாலும் அவர் வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை: ஓ.டி.பி. அப்பா ஐ.சி.யூ-வில். பணம் அவர் வங்கிக் கணக்கில். ஓ.டி.பி. போவது அவர் நம்பருக்கு. போன் உங்கள் கையில்தான் இருக்கிறது, ஆனால் லாக். நினைவில்லாமல் கிடக்கும் அப்பாவின் கட்டைவிரலைத் தூக்கி போனில் வைத்துத் திறக்க வேண்டி வந்த ஒருவர், ‘அந்த நிமிஷத்துல திருடன் மாதிரி இருந்துச்சு’ என்று என்னிடம் சொன்னார். அவர் தெளிவாக இருக்கும்போதே இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுவது, நாமினியைப் பதிவது, போனின் பின் நம்பரை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவைப்பது எல்லாம் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. எந்த மாதிரி சிகிச்சை தனக்கு வேண்டாம் என்று எழுதிவைக்கும் உயிர் மருத்துவ உயிலையும் அதே மதியத்தில் பேசிவிடலாம். உச்ச நீதிமன்றம் இதை 2018-ல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னிலையில் செய்தால் போதும் என்றது. கலிஃபோர்னியா மகளோடு வரக்கூடிய பாதிச் சண்டையை அந்தக் காகிதம் தீர்த்துவிடும்.

குரல்

தொண்டைப் புற்றுநோய்க்குக் குரல்வளையை எடுக்க வேண்டியவர்கள், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் ஏ.எல்.எஸ். நோயாளிகள் ஆகியோருக்கு, குரல் போவதற்கு முன்பே அதைப் பதிந்து, பிறகு தட்டச்சு செய்வதை அவர் குரலிலேயே பேசவைக்கும் வசதி வந்துவிட்டது. ஆப்பிள் நிறுவனம் 2023-ல் ஐபோனிலேயே இதைக் கொடுத்தது. வந்தபோது ஆங்கிலத்துக்கு மட்டும்தான். படம், எழுத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ ஆப் சென்னையிலேயே உருவானது. பேச்சுச் சிரமமுள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கி, தமிழிலும் வந்தது. செங்கல்பட்டுக்கார அப்பா ஆங்கிலத்தில் மட்டும் தன் குரலில் பேசி என்ன ஆகப்போகிறது? இந்த வேலையைத் தமிழுக்குச் செய்ய இங்கே திறமைக்குக் குறைவில்லை. மருத்துவமனைகளும் கம்ப்யூட்டர் கல்லூரிகளும் ஒன்றாக உட்கார்ந்தால் போதும்.

அதுவரை சாதாரண ரெக்கார்டர் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததுமே, அவர் தினமும் சொல்கிற வார்த்தைகளைப் பதிந்துகொள்ளுங்கள். ‘தண்ணி குடு’, ‘ஃபேனைக் குறை’, ‘இடது பக்கம் வலிக்குது’. பேத்தியைக் கூப்பிடும் செல்லப் பெயர். ‘ஏய், அந்த டிவியை நிறுத்து’ என்பதையும் சேர்த்துதான். பிறகு போனில் ஒரு பட்டனைத் தொட்டால் அவர் குரலிலேயே கேட்கும்.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களை மறந்துவிடாதீர்கள். போன் மாற்றும்போது பேக்கப் எடுக்கத் தவறினால் அத்தனையும் போய்விடும். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, ஒரு பென் டிரைவில் ஒரு பிரதி, தங்கையிடம் ஒரு பிரதி. அதில் பாதிக்கு மேல், ‘சாப்டியா? போனை எடு’ என்றுதான் இருக்கும். அதையும் அழித்துவிடாதீர்கள்.